நாற்பத்தேழாம் நிமிடம்

வியாழன் இரவு புயல்.
மலைக்குள் போகும் சுரங்கச் சாலையை மூடிவிட்டார்கள்.
கிளாக்ஸ்விக் நகராட்சிக் கூட்டம் அதனால்
திரையில் நடந்தது,
ஒன்பது பேர், ஒன்பது சமையலறைகள்.

வெள்ளி காலை ரன்வாவின் மேசைக்கு வந்தது
ஒரே ஒரு கோப்பு. வெப்எம்.
உலாவியில் திறந்தால் பேசுகிறது.
காப்பகத்தின் பழைய கணினியில் போட்டால்
படம் மட்டும்.
வாய்கள் திறக்கின்றன, மூடுகின்றன,
கரையில் கொட்டிய காட் மீன்கள்போல.

மெய் வந்து சேர்ந்தது.
உயிர் வரவில்லை.
தலையில் புள்ளி வைத்த எழுத்தாக
நின்றது இரண்டு மணி நேரக் கூட்டம்.

முதலில் சோம்பேறி வழி:
கோப்பின் வாலை வெட்டி
எம்பி4 என்று ஒட்டினாள்.
பெயர் மாறினால் ஆள் மாறுவானா?
கணினி ஒரு கணம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டு
மறுபடி ஊமையானது.

சத்தம் உள்ளேதான் இருந்தது.
ஓபஸ் என்கிற மூட்டையில்.
இந்தக் கணினிக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது.
அவள் அவிழ்த்து ஏஏசியாகக் கட்டினாள்.
காத்திருந்தாள். காபி ஆறியது.
நூற்றுக்கு அறுபத்தொன்றில் ஒருமுறை உறைந்து
பிறகு ஓடியது.

வந்தது சத்தம்,
இடது காதில் மட்டும்.
அதைப் பிரித்து
வலதுக்கும் ஊற்றினாள்.
அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து
தலைவர் சுன்வா வரவேற்பதைக் கேட்டாள்.
உதடும் சொல்லும் ஒன்றாகத்தான் போயின.
பத்தாம் நிமிடத்தில் ஒரு மயிரிழை.
முப்பதில் யாரோ இருமினார்கள்,
இருமல் சற்றுப் பொறுத்து வந்தது.

நாற்பத்தேழாம் நிமிடம்.
வடக்குத் தீவின் குளிர்காலப் படகை
நிறுத்தலாமா, கூடாதா?
தீவில் பதினொரு பேர்.
அதில் ஒருவன் ரன்வாவின் அண்ணன் ஹைனி.

பார்துர் வாய் திறந்தான்.
வெளியே வந்தது சுன்வாவின் குரல்,
அவன் பெயரைக் கூப்பிட்டபடி.
அடுத்து ட்ரொண்டுர்.
தேர்தலுக்கு முன் அந்தத் தீவுக்கு
மழையில் நனைந்தபடி போய்
ஹைனி வீட்டில் ஆட்டிறைச்சி சாப்பிட்டு
கை கொடுத்துவிட்டு வந்தவன்.
திரையில் அவன் உதடு அசைந்தது.
"கூடாது" என்றது ஒலி.

ரன்வா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அது பார்துரின் குரல்.
நான்கு நொடி பிந்தி வந்து
இந்த வாயில் ஏறிக்கொண்டது.
ட்ரொண்டுர் சொன்ன "நிறுத்தலாம்"
பாவம், மார்யுன் காபி உறிஞ்சும்போது
அவள் கோப்பைக்குள் விழுந்தது.

இன்னொரு முறை ஓட்டினாள்.
இன்னும் ஒரு முறை.
அவ்வளவு பொருத்தம்:
கன்னம், கண், அந்தச் சின்னத் தலையசைப்பு,
கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய மனிதனின் முகம்.
உலகத்தில் ஒரே ஒரு கோப்பில்தான்
அவன் அப்படி இருந்தான்,
அதுவும் தவறாக மாறிய கோப்பில்.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான்.
புயலில் இணையம் திணறியபோது
சில நொடிகளுக்கு முப்பது பிரேம்,
சிலவற்றுக்குப் பதினொன்று.
மாற்றிய மென்பொருள் எண்ணாமலே
எல்லாம் முப்பது என்று எடுத்துக்கொண்டது.
படம் முந்தி ஓடியது,
சத்தம் நடந்து வந்தது.

வெளியே காற்று இன்னும் விடவில்லை.
கொடிக்கம்பத்தில் கயிறு அடித்துக்கொண்டே இருந்தது.

பிரேம் வேகத்தை நிலையாக்கு என்ற கட்டத்தில்
டிக் வைத்தாள்.
மறுபடி முதலிலிருந்து.
மதியம் கடந்தது.
நாற்பத்தேழாம் நிமிடத்துக்கு நேராகப் போனாள்.

"நிறுத்தலாம்" என்றான் ட்ரொண்டுர்,
தன் வாயாலேயே.
அதற்குப் பின் ஒரு ஓசை,
இதுவரை யாருக்கும் கேட்காதது:
அவன் சமையலறையில்
கரண்டியைக் கீழே வைத்தான்.

அதை வெட்டவில்லை.
காப்பகத்துக்கு ஒரு பிரதி.
அண்ணனுக்கு ஒன்று.
"சத்தம் வருகிறதா?" என்று கேட்டு அனுப்பினாள்.

விளக்கேற்றும் நேரத்தில் பதில்:
"வருகிறது."